ஒரு ரிங்கிட் ரசீது

காலை ஏழரை மணிக்கெல்லாம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கின் முன் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கைக்குழந்தையுடன் வந்த தாய், நீரிழிவுக்கு மாதந்தோறும் மருந்து எடுக்கும் முதியவர், காய்ச்சலால் பள்ளிக்குப் போக முடியாத மாணவன் என எல்லாரும் எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பதிவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்டி ஒரு ரிங்கிட் கட்டினால் ரசீது கிடைக்கும். மருத்துவரைப் பார்ப்பதும் வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்தும் அந்த ஒரு ரிங்கிட்டுக்குள் அடக்கம். அறுபது வயதைக் கடந்த மலேசியர் அதையும் கட்ட வேண்டியதில்லை.

இன்றைய விலைவாசியில் ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு கோப்பை தே தாரிக் கிடைப்பதே அரிது. அப்படியென்றால் மருந்தின் விலை, மருத்துவரின் சம்பளம், கட்டடத்தின் மின்கட்டணம் ஆகியவற்றை யார் கட்டுகிறார்கள்? நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்துதான் கட்டுகிறார்கள். வருமான வரி, நிறுவனங்கள் செலுத்தும் வரி, விற்பனை வரி, சேவை வரி, பெட்ரோனாஸ் தரும் இலாப ஈவு எனப் பல வழிகளில் வரும் பணம் கூட்டரசு அரசாங்கத்திடம் சேர்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தில் அதிலிருந்து ஒரு பங்கு சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 45.3 பில்லியன் ரிங்கிட். பெரிய உணவகத்தின் பில்லில் அடிவரியாக வரும் சேவை வரியின் சில காசுகளுக்கும் இதில் இடம் உண்டு.

காப்புறுதித் திட்டத்தில் பணம் கட்டியவருக்கு மட்டுமே பாதுகாப்பு. இங்கோ, எவ்வளவு வரி கட்டினீர்கள் என்று பதிவு முகப்பில் யாரும் கேட்பதில்லை. நிறுவன இயக்குநருக்கும் வேலை இழந்தவருக்கும் ஒரே எண் வரிசைதான். வெளிநாட்டவருக்கு மட்டும் கட்டணம் அதிகம்.

கிளினிக்கில் தீர்க்க முடியாத நோய் என்றால் மருத்துவர் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனையிலுள்ள நிபுணரைச் சந்திக்கலாம். அரசாங்கக் கிளினிக்கின் கடிதத்தோடு செல்பவருக்கு முதல் சந்திப்பு இலவசம். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஐந்து ரிங்கிட். நேராக நிபுணரிடமே போனால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. சளி, இருமல் உள்ளவரெல்லாம் அங்கே வரிசையில் நின்றால், இதயக் கோளாறு உள்ளவருக்கு நிபுணரின் நேரம் எப்படிக் கிடைக்கும்? மூன்றாம் வகுப்பு வார்டில் தங்கச் சேர்ந்தால் ஒரு நாளுக்கு மூன்று ரிங்கிட். அறுவைச் சிகிச்சை செய்தாலும் கட்டணத்துக்கு 500 ரிங்கிட் என்ற உச்சவரம்பு உண்டு. செயற்கை மூட்டு போன்ற சில பொருள்களுக்குத் தனியாகப் பணம் கட்ட நேரலாம். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனையில் பல ஆயிரம் ரிங்கிட் கேட்கும்போது, ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு இந்த வரம்பு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அவசரப் பிரிவின் முறை வேறு. அங்கே வந்த நேரத்தைவிட நோயின் கடுமையே முதலில் பார்க்கப்படும். வாசலிலேயே நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைச் சோதித்து நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. விரலில் அடிபட்டு இரண்டு மணி நேரமாகக் காத்திருப்பவர் பச்சைப் பகுதியில் இருப்பார். அப்போது நெஞ்சு வலியோடு வந்த ஒருவரைச் சக்கர நாற்காலியில் உடனே உள்ளே தள்ளிச் செல்வார்கள். “நான்தானே முதலில் வந்தேன்!” என்று குரல் எழுவது அந்த இடத்தில் வழக்கமான காட்சி. அந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு, அடுத்தவரின் நாடியைப் பிடிக்கும் தாதியின் வேலை எளிதன்று.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தன. தோட்டத்தில் வாழ்ந்த தமிழர்களுக்கு நிர்வாகம் நடத்திய தோட்ட மருத்துவமனையும் அங்கிருந்த ‘டிரெசரு’மே துணை. சிகிச்சையின் தரம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. 1950களில் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டம், சிகிச்சையை மக்கள் வசிக்கும் இடத்துக்கே கொண்டு சென்றது. இன்றும் ‘கிளினிக் டேசா’ எனப்படும் சிறு கிளினிக்கில் சமூகத் தாதியரே பொறுப்பாக இருக்கிறார்கள். பிரசவம் முடிந்த தாயின் வீட்டுக்குச் சென்று குழந்தையின் எடையை நிறுத்துப் பார்ப்பதும் அவர்களின் பணி. சாலை இல்லாத சரவாக் உட்பகுதிகளுக்கு மருத்துவக் குழு ஹெலிகாப்டரில் பறந்து செல்கிறது. பள்ளிக்கு வந்து தடுப்பூசி போடும் குழுவும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. சில நிபுணர்களைச் சந்திக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. 2016இன் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டார்கள். நிரந்தரப் பதவி கேட்டு 2021இல் அவர்களுள் பலர் வெளிநடப்பும் செய்தார்கள். அனுபவம் பெற்றவர்கள் தனியார் துறைக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும்போது, எஞ்சியிருப்பவர்களின் சுமை கூடுகிறது. கூட்டத்தைக் குறைக்க, தொடர் மருந்தை அஞ்சலில் பெறும் வசதியும் காரில் இருந்தபடியே வாங்கிச் செல்லும் முகப்பும் சில இடங்களில் வந்துள்ளன.

காலையில் வந்த முதியவர் இப்போது மருந்து முகப்பில் நிற்கிறார். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை ஒரு பையில் கொண்டுவந்திருக்கிறார். மருந்தாளர் அவற்றை எண்ணிப் பார்த்து, அடுத்த சந்திப்பு வரை எத்தனை குறைகிறதோ அத்தனையை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்.