பருப்புத் தண்ணீர் போதாது

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதலில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: பருப்புத் தண்ணி, இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணி. கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காதே என்ற பயம். அக்கறையில் குறையே இல்லை. ஆனால் வேகவைத்த பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடுகிறது. மேலே தெளிந்த மஞ்சள் நீர்தான் குழந்தைக்குப் போகிறது. புரதமும் அடியிலேயே நின்றுவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை, தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 மில்லி தண்ணீரில் ஐந்து கிராம் மாவு கரைத்துக் காய்ச்சிய கஞ்சியில் இருபது கலோரிகூட இராது. அந்தக் கஞ்சியிலேயே தேவையை நிறைவு செய்ய ஒரு லிட்டருக்கு மேல் புகட்ட வேண்டும். வயிறு நிறைந்து குழந்தை தூங்கிவிடும். எடை மட்டும் ஏறாது.

மாவை அதிகம் போட்டால் என்ன? ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை இழுத்து ஊதிக் களியாகிவிடும். பல் முளைக்காத வாயால் விழுங்க முடியாது. அம்மா மறுபடி தண்ணீர் ஊற்றுவார். இந்தச் சிக்கலுக்கு வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு. தானியம் முளைவிடும்போது அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் வேலை. கெட்டிக் கஞ்சியை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைக் கலந்து கிளறினால், சில நிமிடங்களில் அது இளகி ஒழுகத் தொடங்கும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை, கலோரியும் குறையவில்லை. பிறகு ஒரு கொதி விட்டுக் கொடுக்க வேண்டும், ஏனெனில் முளைகட்டும்போது கிருமிகளும் வளர்ந்திருக்கலாம். மாவு அரைக்குமுன் வாசம் வரும்வரை கருக வறுத்தால் நொதி செத்துவிடும். நன்றாகக் காயவைத்து, இளம் வறுவலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயறையும் கொண்டு இப்படியொரு குழந்தை உணவை 1980களிலேயே உருவாக்கிக் காட்டினார்கள்.

இதைச் சுவரொட்டி ஒட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது. அடுப்பு வேண்டும், கிண்ணம் வேண்டும், கரண்டியைச் சாய்த்துக் காட்ட வேண்டும்: சாய்த்த கரண்டியிலிருந்து சட்டென வழிந்துவிடாத பதம்தான் சரியான பதம். நேரில் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. 1980இல் தமிழகத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு தந்தார்கள்; தாய்க்கும் உணவூட்டும் முறையை விளக்கினார்கள். எடை அட்டையில் கோடு மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்கும் தாய்க்குத் தனி உபதேசம் தேவைப்படாது. இன்றைய அங்கன்வாடி வகுப்புகளுக்கு அப்பாவும் பாட்டியும் வர வேண்டும் என்பேன். கஞ்சியின் பதத்தைப் பல வீடுகளில் பாட்டிதான் தீர்மானிக்கிறார். முட்டை வாங்கும் காசு அப்பாவின் பையில் இருக்கிறது.

முட்டையைச் சொல்லக் காரணம் உண்டு. பிறக்கும்போது உடலில் இருக்கும் இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. மூளை வேகமாக வளரும் அந்த மாதங்களில் இந்தக் குறை சின்ன விஷயமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நன்றாக வேகவைத்து மசித்த ஈரல், மீன், முட்டை ஆகியவற்றை ஆறு மாதத்திலிருந்தே தரலாம். சைவ வீடுகளில் மசித்த பருப்பு, முருங்கைக்கீரையோடு சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்பை உடல் கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும். ஒரு வயது வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக்க வேண்டாம். தேன் அறவே கூடாது. பொட்டுலிசம் என்ற கடும் நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கும் சேனைச் சடங்கிலும் தேன் கூடாது.

முதல் வாய் உணவைக் குழந்தை நாக்கால் வெளியே தள்ளினால், பிடிக்கவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தள்ளுவது பெரும்பாலும் வெறுப்பல்ல. பால் குடித்தே பழகிய நாக்கின் அனிச்சைச் செயல். ஒரு புதிய சுவையைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து முறைகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வற்புறுத்தாமல், இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு கரண்டி கொடுங்கள்.