நசுங்கலுக்கு யார் பொறுப்பு?

காரின் விலை 11 லட்சம். பழுதுபார்க்க 22 லட்சம். 2022 செப்டம்பரில் பெங்களூர் வெள்ளத்தில் மூழ்கிய ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு சர்வீஸ் சென்டர் போட்ட கணக்கு இது. காப்பீட்டு நிறுவனம் காரை முழு இழப்பாக ஏற்றுக்கொண்டது. அதற்கான மதிப்பீட்டு ஆவணங்களைத் தரவே சர்வீஸ் சென்டர் 44,840 ரூபாய் கேட்டது. உரிமையாளர் விஷயத்தைப் பகிரங்கப்படுத்த, தயாரிப்பு நிறுவனம் தலையிட்டு 5,000 ரூபாயில் முடித்துவைத்தது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. ஆயில் மாற்ற விட்ட கார் பம்பர் நசுங்கித் திரும்பினால், "வரும்போதே அப்படித்தான் சார் இருந்தது" என்பதே வழக்கமான பதில்.

ஆனால் சட்டம் வாடிக்கையாளரைக் கைவிட்டுவிடவில்லை. ஒப்படைத்த பொருளைத் தன் பொருள் போலக் கவனமாகக் காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்த சீட்டும் முழுக் கவசமல்ல. டெல்லி ஹோட்டல் ஒன்றில் 1998இல் திருடுபோன மாருதி ஜென் வழக்கில், தன் அலட்சியத்துக்கு ஹோட்டல் அப்படி ஒரு சீட்டைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தின் 170ஆவது பிரிவில் ஒரு சிக்கலும் உண்டு. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை மெக்கானிக் காரை நிறுத்திவைக்கலாம். எனவே ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பணத்தைக் கட்டி, காரை மீட்பதே புத்திசாலித்தனம். பிறகு 1915 எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. காரை விடும்போதே நான்கு பக்கமும் எடுத்த படங்களும், பழைய கீறல்களைக் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட்ட ஜாப் கார்டும் இருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.