ஸ்கீக்கு அரிதாரம்

காரிமங்கலத்தைச் சுற்றி எந்த ஊரில் கூத்து நடந்தாலும் பையன்கள் நாங்கள் முதலில் போய் நிற்கிற இடம் மேடை இல்லை, வேஷம் கட்டுகிற கொட்டாய். ஓலைத் தடுக்கில் விரலை விட்டு ஓட்டை போட்டுக் கண்ணை வைத்தால் போதும். உள்ளே துரியோதனன் பாதி மீசையோடு டீ குடித்துக்கொண்டிருப்பான். திரௌபதி பீடியை உதட்டில் வைத்துக்கொண்டே கொசுவம் செருகுவாள். ஒருத்தர் முகத்தில் இன்னொருத்தர் சிவப்பைக் குழைத்து அப்புவார். விடிய விடிய வெளியே நடக்கப்போவதைவிட எங்களுக்கு இதுதான் கூத்து.

அந்தத் திருட்டுப் பார்வை இவ்வளவு வயசுக்கு அப்புறம் நார்வே நாட்டில் ஒரு கார் ஷெட்டில் திரும்பக் கிடைக்கும் என்று யார் கண்டது? வெளியே மைனஸ் எட்டு டிகிரி. உள்ளே நான்கு ஆண்கள், எட்டு ஸ்கீ, ஒரு இஸ்திரிப் பெட்டி. நான்கு பேரில் ஒருவன் என் தம்பி. மறுநாள் காலை அவன் பிர்க்கன் ஓடப்போகிறான்!

பிர்க்கன் என்பது செல்லப்பெயர். முழுப்பெயர் பிர்க்கெபெய்னர்ரென்னெ. ரேனா என்ற சிற்றூரில் தொடங்கி, இரண்டு மலைமேடுகளை ஏறி இறங்கி, 1994 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த லில்லஹாமரில் முடியும் 54 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம். காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டுத் திரும்புகிற தூரம், பஸ் இல்லாமல், காலில் இரண்டு கட்டைகளைக் கட்டிக்கொண்டு. 1932-இல் ஆரம்பித்தது, ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கிறது. சினிமாவில் பார்க்கிற மாதிரி மலையுச்சியிலிருந்து சரேலென்று இறங்குகிற ஸ்கீ இல்லை இது. சமதளம், ஏற்றம், இறக்கம் எல்லாவற்றிலும் தன் காலையும் கையையும் நம்பிப் போகிற ஸ்கீ. ஒலிம்பிக் வீரனும் ஓடுவான், ஆபீஸ் கணக்கரும் ஓடுவார். முன்னால் போகிறவர்கள் இரண்டரை மணி நேரம் வாக்கில் முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டிருப்பார்கள். என் தம்பி மாதிரி ஆட்கள் அப்போது பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கையான விதி. ஓடுகிற ஒவ்வொருவர் முதுகிலும் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பை இருக்க வேண்டும். ஏன் என்றால் குழந்தை! 1206-இல் நார்வேயில் உள்நாட்டுப் போர். வாரிசுக் குழந்தை ஹோக்கன் ஹோக்கன்சனை எதிரிகள் கையில் சிக்காமல் காப்பாற்ற, இரண்டு வீரர்கள் பனிமலை தாண்டி ஸ்கீயில் தூக்கிக்கொண்டு போனார்கள். காலுக்குக் கவசம் வாங்க வழியில்லாமல் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்ட ஏழைப் படை அது. பிர்க்கெபெய்னர் என்ற பெயருக்கே மரப்பட்டைக் காலன் என்றுதான் பொருள். அந்தக் குழந்தைதான் பின்னால் அரசனானது. அதன் நினைவாகத்தான் முதுகில் 3.5 கிலோ. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயதிருக்கும் என்கிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை மூன்றரை கிலோவா? எங்கள் ஊர்க் கிழவிகள் காதில் விழுந்தால் அந்த அரண்மனையில் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒரு பஞ்சாயத்தே கூடிவிடும்.

பையில் எதை வைப்பது என்பது அவரவர் இஷ்டம். மாற்றுத்துணியும் காற்றைத் தடுக்கும் சட்டையும் போக, மீதி எடைக்குச் சிலர் மணல் மூட்டை வைப்பதுண்டு. தம்பி ஊரிலிருந்து நான் கொண்டுபோன ராகி மாவை வைத்தான். "மணலைத் தூக்குறதுக்கு மாவைத் தூக்கலாம்ணா. நாளைக்கு முடிச்சதும் திங்கவாவது ஆகும்." தர்மபுரி மாவட்டத்துக்காரன் மூளை எந்தக் குளிரிலும் உறையாது.

சரி, ஷெட்டுக்குள் வாருங்கள். இதற்காகத்தானே கூப்பிட்டேன்!

ஸ்கீயைத் தலைகீழாகக் கவிழ்த்து மேஜையில் இறுக்கியிருக்கிறார்கள். அடிப்பாகம் கறுப்புப் பிளாஸ்டிக். தம்பி மெழுகுக் கட்டியை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிப் பிடிக்கிறான். சொட்டுச் சொட்டாக ஸ்கீ நெடுக விழுகிறது. அப்புறம் வேட்டியைத் தேய்ப்பதுபோல் ஒரே சீராக ஓர் இழுப்பு. நடுவில் கை நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பாகம் கருகும். (எனக்கு ஒரு நிமிஷம் தேய்க்கக் கொடுத்தார்கள். நின்றுவிட்டேன். பிறகு கொடுக்கவில்லை.) ஆறியதும் பிளாஸ்டிக் தகட்டால் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். பாடுபட்டுப் பூசியதை ஏனப்பா சுரண்டுகிறாய் என்றேன். துளைக்குள் ஊறியது போதும், மேலே நிற்பது பாரம்தான் என்றான். அதன்மேல் பிரஷ், பிரஷ், இன்னும் பிரஷ். இது வழுக்குகிற மெழுகு.

இனிமேல்தான் வித்தை. மேட்டில் ஏறும்போது ஸ்கீ பின்னால் வழுக்கக் கூடாதே? அதற்குப் பிடிக்கிற மெழுகு என்று இன்னொன்று. ஒரே கட்டையில் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும், நடுவில் பிடிக்க வேண்டும். எப்படி? ஸ்கீ நேர்க்கட்டை இல்லை, லேசாக வளைந்த வில். இரண்டு காலிலும் எடை பகிர்ந்து நின்றால் பாதத்துக்கு நேர்கீழே உள்ள பகுதி பனியைத் தொடாமல் மேலே நிற்கும், ஸ்கீ வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு காலில் முழு எடையும் இறங்கி உதைக்கும் கணத்தில் வில் தட்டையாகி, நடுமெழுகு பனியைக் கவ்வும். இதைப் பார்க்க ஒரு காகிதச் சோதனை உண்டு. தரையில் ஸ்கீயை வைத்து ஏறி நின்றால் பாதத்தின் கீழே ஒரு தாள் தாராளமாக நகர வேண்டும். ஒற்றைக் காலில் நின்றால் அதே தாள் அசையக் கூடாது. நான்கு பெரிய மனிதர்கள் நடு இரவில் மாறி மாறி ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நிற்க, ஐந்தாமவன் தரையில் குப்புறப் படுத்துத் தாளை இழுக்கிற காட்சியை நான் விலை கொடுத்தும் பார்ப்பேன். படுத்திருந்தவன் நான்தான்.

பிடிமெழுகு வண்ண வண்ண டப்பாக்களில் வருகிறது. கடுங்குளிருக்குப் பச்சை, குளிருக்கு நீலம், பூஜ்யத்தை ஒட்டி ஊதா, அதற்கு மேலே சிவப்பு. கூத்துக் கொட்டாயில் எந்த வேஷத்துக்கு எந்தப் பூச்சு என்று கணக்கு இருக்குமே, அதே கதை. இங்கே வேஷம் கட்டுவது பனி! புதிதாக விழுந்த குளிர்ப்பனியின் படிகம் ஊசி ஊசியாக இருக்கும், அதற்குக் கெட்டி மெழுகு. பழசாகி உருகி உறைந்த பனி மழுங்கிப்போயிருக்கும், அதைக் கவ்வ இளக்கமான மெழுகு. ஸ்விக்ஸ் கம்பெனியின் நீலம் எக்ஸ்ட்ரா என்று ஒரு டப்பா. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே உள்ள குளிருக்கெல்லாம் அதுதான் கைகொடுக்கும். அதை உச்சரிக்கும்போது நார்வேக்காரர் குரலில் ஒரு பாசம் வருகிறது. நம் வீட்டில் ஒரு பெருங்காயப் பிராண்டைப் பற்றிப் பாட்டி பேசுவாளே, அந்தப் பாசம்.

இன்னொரு சாமான் கிளிஸ்டர். டியூபில் வருகிற பிசின். பனி கண்ணாடிக் கட்டியாக இறுகிய நாளுக்கு அது ஒன்றுதான் கதி. பலாப்பழம் அறுத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: கையில், கதவில், தாடியில், மறுநாள் காபிக் கோப்பையில் என்று எங்கும் இருக்கும். எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்ன யோசனையை யாரும் கேட்கவில்லை.

ரகசியமும் இருக்கிறது. முன்பெல்லாம் ஃப்ளோரின் கலந்த மெழுகு பூசினால் ஸ்கீ பறக்கும். மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகிற ரசாயனம் என்பதால் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2023-24 சீசனிலிருந்து அதைப் போட்டிகளில் தடைசெய்துவிட்டது; கருவி வைத்து ஸ்கீயைச் சோதிக்கிறார்கள். பழைய டப்பாக்களை என்ன செய்தீர்கள் என்று அந்த நால்வரிடமும் கேட்டேன். நால்வரும் பிரஷ் போடுவதில் மும்முரமானார்கள்.

மெழுகை இவர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி. 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் நார்வே அணியின் ஸ்கீகள் சரியாக ஓடவில்லை. வீரர்களை விட்டுவிட்டு மெழுகு பூசுகிறவர்களைப் பிடித்து நாடே விசாரித்தது. நம் ஊரில் கிரிக்கெட்டில் தோற்றால் பிட்ச் போட்டவரைத் திட்டுவதுண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

இந்த ஷெட்டுக்கு வந்து சேருவதற்கு முன் எனக்கும் மூன்று வாரப் பயிற்சி நடந்தது. ஆஸ்லோ மெட்ரோவின் முதல் லைனில் ஸ்கீயோடு ஏறி ஃப்ரோக்னர்செத்தரனில் இறங்கினால் காடு. நகரத்து மெட்ரோவில் ஆளுயரக் கட்டைகளோடு தாத்தாக்கள் நிற்பார்கள். மாலையில் வேலை விட்டதும் விளக்குப் போட்ட பனித்தடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள், நாம் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றுவதுபோல. இரவோடிரவாக ராட்சத இயந்திரம் வந்து பனியைச் சீவி, இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போய்விடும். காலையில் பார்த்தால் காடு முழுக்கக் கோலம் போட்ட மாதிரி!

அந்தக் கோட்டில் நான் விழுந்த கதையை எண்ணிக்கையில் சொல்ல மாட்டேன். தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காதான் எழுப்பிவிட்டார். "முதல்ல விழப் பழகுங்கோ அண்ணை, எழும்புறது பிறகு தானா வரும்." அவருடைய மகள் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனாள். ஈழத் தமிழர்களுக்கு நார்வே புதுநாடு இல்லை. அந்தோனி ராஜேந்திரம் 1956-இல் அங்கே போனவர். மீன்பிடித் தொழில் கற்றுத் திரும்பி, 1967-இல் யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கியவர். பின்னால் படிக்கவும் போருக்குத் தப்பியும் போனவர்களில் பலர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று வேலை செய்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே ஸ்கீயை மாட்டிவிட்டது. அக்கா கையில் ஆரஞ்சுப்பழமும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் இருந்தன, நார்வேக்காரர் பனிக்குப் போனால் கொண்டுபோகும் கட்டுச்சோறு. கூடவே ஒரு டப்பா நிறைய மிளகாய்த்தூள் போட்ட கடலை. கடலைதான் முதலில் தீர்ந்தது.

ஓட்டநாள் காலை. ரேனாவில் ஆயிரக்கணக்கானவர் மெலிசு உடையில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கழற்றிய கனத்த உடைகளைப் பையில் போட்டு லாரியில் ஏற்றினால் அது லில்லஹாமரில் காத்திருக்கும். கழிப்பறை வரிசை ஸ்டார்ட் வரிசையைவிட நீளம். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: நீ என்ன பூசினாய்? பதில் சொல்வதில்லை, அல்லது பொய் சொல்கிறார்கள்.

நான் காரில் ஷூஷொயெனுக்குப் போய்விட்டேன். அங்கே பாதையோரம் பனியில் குழி வெட்டி உட்கார்ந்து, நெருப்பு மூட்டி, சாசேஜ் வாட்டிக்கொண்டு ஜனம் முழுக்க "ஹையா, ஹையா!" என்று கத்துகிறது. தம்பி வந்தான். மீசையில் பனி, முகத்தில் கோபம். "கீழ பிடிச்சுது, மேல வெயில் ஏறினதும் வழுக்கிடுச்சுணா! க்வார்ஸ்டாட்ல நின்னு ஊதா பூசினேன்!" நீலம் எக்ஸ்ட்ரா கைவிட்டுவிட்டது. இரவு முழுக்க ஒற்றைக்காலில் நின்றதெல்லாம் அரை மணி வெயிலில் போயிற்று. ஆனால் காடெங்கும் அதே புலம்பல்தான் கேட்டது, அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

இதெல்லாம் பனி நாட்டுக்காரர் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். காஷ்மீரத்தின் குல்மார்கில் ராணுவத்தின் மலைப்போர்ப் பள்ளி 1948 முதல் இருக்கிறது. 2020-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே தொடங்கின. 2025 பிப்ரவரியில் பனியே போதாமல் போட்டியை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ராணுவ வீரர் ஜகதீஷ் சிங் 2018 ஒலிம்பிக்ஸில் இந்த வகைப் பனிச்சறுக்கு ஓட்டத்தை ஓடியிருக்கிறார். என் நெஞ்சைத் தொட்ட பெயர் பவானி தெக்கடா நஞ்சுண்டா. காப்பித் தோட்டங்களின் குடகுக்காரர். பனி விழாத மாவட்டத்திலிருந்து போய் 2025-இல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் ஐந்து கிலோமீட்டரில் வெண்கலம் வாங்கினார். பனியில்லாத மாதங்களில் இந்த வீரர்கள் சக்கரம் வைத்த ஸ்கீயில் தார் ரோட்டில் பழகுகிறார்கள். நமக்கும் தார் ரோடு இருக்கிறது. காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், சந்தைக்கு வந்த மாடுகள் மிரளும்.

லில்லஹாமரில் முடிவுக்கோடு தாண்டியதும் பையைத் தராசில் வைத்தார்கள். 3.7 கிலோ. தம்பிக்கு ஐந்து மணி நாற்பது நிமிஷம். அன்றிரவு மாவில் அரைக்கிலோ களியாயிற்று. ஷெட்டில் இருந்த மற்ற மூவரும் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டார்கள், நான் தடுக்கவில்லை. மீதி ஆஸ்லோவில் அவன் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அடுத்த மார்ச்சுக்குள் தின்றுவிடாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.