மெட்னரைக் கேட்ட மகாராஜா

கேட்ட செவிகள் – 9

சென்ற வாரம் ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஜொகூரின் மாசாயில் கடைவீட்டு மாடியில் பியானோ வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணே, இந்த ரஷ்யக்காரங்க கதையில நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர்கூட வரமாட்டாங்களா?" வருகிறார். அவர் மட்டும் இல்லையென்றால், ஒரு மகத்தான ரஷ்யப் பியானோ கலைஞரின் வாசிப்பில் பெரும்பகுதி அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

அந்தக் கலைஞர் நிகோலாய் மெட்னர். அவரைக் காப்பாற்றியவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார்.

மெட்னர் 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர். முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் தாயார். மாஸ்கோ இசைக் கல்லூரியில் சஃபோனோவ் போன்ற பெரிய ஆசிரியர்களிடம் பயின்று, 1900-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். வயது இருபது. ஐரோப்பாவில் கச்சேரிப் பயணம் ஏற்பாடாகியிருந்தது. ஊரெல்லாம் கைதட்டக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இசை எழுதத்தான் பிறந்தேன், மேடை மேடையாகச் சுற்ற அல்ல என்பது அவர் முடிவு. வீட்டில் வருத்தம், ஆசிரியருக்குக் கோபம். அவர் அசையவில்லை. அதற்காகப் பியானோவை மூடிவைத்துவிடவும் இல்லை. தாம் எழுதியதைத் தாமே மேடையில் வாசித்தார். பெரும்பாலும் அது மட்டுமே அவர் கச்சேரி. மூன்று கான்செர்ட்டோ, பதினான்கு சொனாட்டா, 'கதைகள்' என்று பெயரிட்ட 38 சிறு படைப்புகள், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று வாழ்நாள் முழுக்க எழுதியதில் பியானோ இல்லாத படைப்பு ஒன்றுகூடக் கிடையாது.

ஏழு வயது மூத்தவரான ரக்மானினோவ் இவரைத் தம் காலத்தின் தலைசிறந்த இசையமைப்பாளர் என்றே சொல்லிவந்தார். தம்முடைய நான்காவது கான்செர்ட்டோவை மெட்னருக்குக் காணிக்கையாக்கினார். மெட்னர் தம் இரண்டாவது கான்செர்ட்டோவை ரக்மானினோவுக்குக் கொடுத்தார். ஆனால் ஒருவருக்கு அமெரிக்கா முழுவதும் அரங்கம் நிறைந்தது, மற்றவருக்கு வீட்டு வாடகையே கவலையாக இருந்தது.

ஆசிரியர் மெட்னரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். படித்த கல்லூரியிலேயே 1909-இல் ஓராண்டு கற்பித்தார். பிறகு முதல் உலகப் போர்க் காலத்தில் மறுபடியும் அங்கே பேராசிரியரானார். வகுப்புக்கும் தம் சொந்தச் சாதகத்துக்குமாக அவர் குறித்துவைத்தவற்றை மாணவர்கள் தொகுத்து, அவர் இறந்தபின் 1963-இல் மாஸ்கோவில் புத்தகமாக்கினார்கள். மெதுவாக வாசி. கண்ணை மூடிக்கொண்டு கேள். கை களைத்தால் நிறுத்து, களைத்த கையோடு உழைப்பது வீண். அவர் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இந்த ரகம்தான். விரலுக்குக் காட்டிய அக்கறையைக் காதுக்கும் காட்டியவர். நம் பக்கத்தில் வீணையோ வயலினோ ஒழுங்காகக் கற்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. விளம்ப காலத்தில் வர்ணத்தை வாசிக்கச் சொல்லும் எந்த வாத்தியாரும் இதைத்தான் சொல்வார்.

புரட்சிக்குப் பிறகு, 1921-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். பெர்லினில் சில ஆண்டுகள், பாரிஸ் பக்கம் சில ஆண்டுகள். ரக்மானினோவின் உதவியால் 1924-25-இல் அமெரிக்காவில் கச்சேரிகள் கிடைத்தன. புது இசை எழுதியவர்கள் பழைய சுரக் கட்டுமானத்தை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவர் மட்டும் பழைய வழியே வழி என்று பிடிவாதமாக நின்றார். 1935-இல் அதற்காக ஒரு புத்தகமே எழுதினார், அதை ரக்மானினோவ்தான் பாரிஸில் வெளியிட்டார். அதே ஆண்டில் லண்டனில், கோல்டர்ஸ் கிரீன் பகுதியில், மனைவி அன்னாவோடு குடியேறினார். பாடம் சொல்லிக்கொடுத்து வந்த பணமும் ஜெர்மன் பதிப்பகத்திலிருந்து வரும் உரிமைத் தொகையும்தான் சோறு போட்டன.

1939-இல் போர் வந்ததும் ஜெர்மன் பணம் நின்றது. குண்டு விழும் லண்டனை விட்டு மாணவர்களும் கலைந்தார்கள். எட்னா ஐல்ஸ் என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர், மெட்னரிடம் பாடம் கேட்டவர், ஆசிரியரையும் அவர் மனைவியையும் வார்விக்‌ஷயர் கிராமத்துக்கு அழைத்துப்போய்த் தம் வீட்டாரோடு தங்கவைத்தார். அங்கே 1942-இல் மாரடைப்பு. படுத்து எழுந்து மூன்றாவது கான்செர்ட்டோவை முடித்தார். 1944 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏட்ரியன் போல்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, தாமே வாசித்து அரங்கேற்றினார். அதற்குப் பிறகும் வறுமை விலகவில்லை.

இந்த இடத்தில்தான் மைசூர் வருகிறது.

ஜெயசாமராஜேந்திர உடையார் 1919-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பியானோ பயின்றார். ரக்மானினோவிடம் போய்ப் படிக்க வேண்டும், மேடைக் கலைஞராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1940-இல் தந்தையும், அரியணையில் இருந்த பெரியப்பாவும் அடுத்தடுத்துக் காலமாக, இருபத்தொரு வயதில் அரசரானார். பியானோ ஆசை அதோடு அடைபட்டது. ஆனால் காது அடைபடவில்லை. லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் பட்டம் 1945-இல் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டுகளில் வாசுதேவாச்சாரியாரின் துணையோடு கர்நாடக இசையில் கிருதிகள் எழுதத் தொடங்கினார். ஸ்ரீவித்யா என்ற முத்திரையோடு மொத்தம் 94 கிருதிகள். கம்பீர நாட்டையில் 'ஸ்ரீ ஜாலந்தரம்' என்று தொடங்கும் கிருதியைக் கச்சேரியில் கேட்டு ரசித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதை எழுதியவரும் மெட்னரைத் தேடிப்போனவரும் ஒரே ஆள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எச்.எம்.வி.யின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக் மைசூருக்கு வரவழைக்கப்பட்டார். அரண்மனையில் தாம் கண்டதை அவர் பிற்பாடு எழுதியிருக்கிறார்: நினைக்கக்கூடிய எல்லாச் செவ்விசை இசைத்தட்டுகளும் அடங்கிய நூலகம், வரிசையாக ஒலிபெருக்கிகள், கச்சேரிக்குரிய பெரிய பியானோக்கள் பல. முப்பது வயதுகூட ஆகாத அரசர் அவரிடம் கேட்டது மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டில் பதிக்க வேண்டும் என்பது. அதற்காக மெட்னர் சங்கம் உருவாயிற்று. அதன் செலவு போக, லெக் புதிதாகக் கட்டியிருந்த ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வீதம் மூன்றாண்டு மானியம் என்பது லெக் தரும் கணக்கு.

1947-இல் பதிவு தொடங்கியபோது மெட்னருக்கு வயது 67. அந்தக் காலத்து ஒலிப்பதிவு எவ்வளவு கடினமானது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம், கொஞ்சம் கூடினால் நாலரை. முப்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் கான்செர்ட்டோவைத் துண்டு துண்டாகப் பிரித்து வாசிக்க வேண்டும். ஒரு துண்டு முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் நின்று, அடுத்த தட்டு தயாரானதும் அதே வேகத்தில், அதே மனநிலையில் மறுபடி தொடங்க வேண்டும். டேப்பில் வெட்டி ஒட்டும் வசதி அப்போது அங்கே இல்லை. மூன்றாவது நிமிடத்தில் ஒரு விரல் தப்பினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மாரடைப்பு வந்த நெஞ்சோடு மெட்னர் மூன்று கான்செர்ட்டோக்களையும் அப்படி வாசித்து முடித்தார். கேட்டுப் பாருங்கள்: துண்டு சேர்ந்த இடம் காதுக்குத் தட்டுப்படாத அளவுக்கு ஓட்டம் இருக்கிறது. ஒரு நோயாளியின் வாசிப்பு அது என்று சொன்னால்தான் தெரியும்.

மூன்றாவது கான்செர்ட்டோவின் முதல் பக்கத்தில் மைசூர் மகாராஜாவின் பெயரை நன்றியோடு பொறித்தார். 1950 வரை மூன்று தொகுதிகள் வெளிவந்தன. கடைசிப் பதிவுகளில் இளம் பாடகி எலிசபெத் ஷ்வார்ஸ்காப்ஃப் பாட, மெட்னர் பியானோவில் உடன் வாசித்தார். அடுத்த ஆண்டு, 1951 நவம்பர் 13-இல், கோல்டர்ஸ் கிரீன் வீட்டில் காலமானார். அதற்குள் மைசூர் இந்தியாவோடு இணைந்து, அரசர் ஆளுநருக்கு இணையான ராஜப்பிரமுகராகிவிட்டிருந்தார்.

அரசரின் ரசனை மெட்னரோடு நின்றுவிடவில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறந்தபின் அவருடைய 'நான்கு கடைசிப் பாடல்கள்' 1950 மே மாதம் லண்டனில் முதன்முதலாகப் பாடப்பட்டதே, அந்தக் கச்சேரிக்குப் பண உத்தரவாதம் தந்தவரும் இவரே. பிறகு 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகக் கிண்டியில் இருந்தார். தமிழ்நாட்டு வரலாற்றில் அவர் பெயர் வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

சமஸ்தானத்து மக்களின் உழைப்பிலிருந்து வந்த செல்வம் எங்கோ லண்டனில் இருந்த ரஷ்யருக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்வியை நான் தள்ளமாட்டேன். அரசர்களின் கொடையைப் புகழும்போது அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் கொடுக்க அரசராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, ரப்பர் தோட்டத்துப் பாட்டாளிகள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைத்தது அந்த வெள்ளிகளாலும்தான். கொடுத்தவர்களில் பலருக்குப் பல்கலைக்கழக வாசலைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாசாயிலும் தாமான் ரிந்திங்கிலும் சனிக்கிழமை காலையில் பியானோ வகுப்புக்குப் போகிறார்கள். பெற்றோர் பாசீர் கூடாங் ஆலையில் ஷிப்டு பார்த்தோ, விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போயோ சம்பாதித்த பணம் அது. மாதக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பழைய ஜப்பானியப் பியானோவுக்குத் தவணை என்று எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் தேர்வுக்கு மூன்று உருப்படி, அடுத்த ஆண்டு வேறு மூன்று என்று எட்டாம் கிரேடு வரை ஏறிவிட்டு, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதும் பியானோ மூடி விழுகிறது. ஒரு கான்செர்ட்டோவை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்காமலே எட்டு கிரேடும் முடித்த பிள்ளைகளை நான் அறிவேன். இது பிள்ளைகளின் தப்பில்லை. வாசிக்கக் காசு கொடுக்கிறோம், கேட்க உட்காரவைப்பதில்லை. மாதம் ஒரு மாலை, வகுப்பு நடக்கும் அதே மாடியில், நல்ல ஒலிபெருக்கி ஒன்றை வைத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு முழுப் படைப்பைக் கேட்டால் என்ன? ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். மெட்னரிலிருந்தே தொடங்கலாம்.

கேட்கக் கிடைக்காதவை அல்ல. அன்னா மெட்னர் 1958-இல் கணவரின் கையெழுத்துப் பிரதிகளோடு சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பினார். மெட்னரின் படைப்புகள் அனைத்தும் பன்னிரண்டு தொகுதிகளாக மாஸ்கோவில் அச்சாயின. மைசூர் பணத்தில் பதித்த தட்டுகளை 1990-களில் டெஸ்டமென்ட் நிறுவனம் சி.டி.யாக வெளியிட்டது. புதிதாக வாசித்தவர்களில் ஆஸ்திரேலியர் ஜெஃப்ரி டோசர் முக்கியமானவர். மூன்று கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்திருக்கிறார். 1954-இல் அவர் பிறந்த ஊர் இமயமலைச் சாரலில் உள்ள முசோரி. முதலில் மெட்னரே வாசித்த மூன்றாவதைக் கேளுங்கள், பிறகு டோசரைக் கேளுங்கள்.

அடுத்த வாரம் கோடம்பாக்கம். ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய இசைக் கல்லூரிக்குள் ரஷ்யப் பியானோ முறை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)