நம்ம ஃபீஸை யார் முடிவு பண்றாங்க?

ஹாஸ்டல் கட்டணம் ஏறினாலும் சரி, டியூஷன் ஃபீஸ் ஏறினாலும் சரி, நாம செய்யற முதல் வேலை ஒண்ணுதான்: கையெழுத்து வாங்கி, மனு எழுதி, டைரக்டர் ரூம் வாசல்ல போய் நிக்கிறது. பாதி நேரம் அது தப்பான வாசல். காசு எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் எந்தக் கதவைத் தட்டணும்னு தெரியும்.

காரைக்காலையே எடுத்துக்குவோம். மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ள ரெண்டு அரசு பொறியியல் கல்லூரிகள். நெடுங்காட்டுல பெருந்தலைவர் காமராஜர் கல்லூரி (2007), திருவேட்டக்குடியில என்.ஐ.டி. புதுச்சேரி (2010). ரெண்டுமே கவர்மென்ட் காலேஜ்தான். ஆனா கவர்மென்ட் வேற வேற.

நெடுங்காடு, புதுச்சேரி அரசோட கணக்குல வருது. மத்திய வரியில நிதிக் குழு மாநிலங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற பங்கு யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்குக் கிடையாது. சொந்த வரி வருவாய், மத்திய உள்துறை வழியா வர்ற மானியம், கடன், இதை வெச்சுத்தான் எல்லாச் செலவும். 'நாகப்பட்டினத்துல குடுக்கறாங்களே, இங்க ஏன் இல்ல?'ன்னு கேட்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கணும். நாம காவிரிக்கு மட்டுமா கடைமடை?

என்.ஐ.டி.க்கு மத்திய கல்வி அமைச்சகம் நேரடியா மானியம் தருது. அது மூணு தலைப்புல பிரிஞ்சு வரும்: சம்பளத்துக்கு 36, பொதுச் செலவுக்கு 31, கட்டடம், கருவி மாதிரி சொத்துகளுக்கு 35. ஒரு தலைப்புல வந்ததை இஷ்டத்துக்கு இன்னொண்ணுல செலவு பண்ண முடியாது. 'கோடிக்கணக்குல வருதே, லேப்ல ஃபேன் மாத்தக் காசில்லையா?'ங்கிற கேள்விக்கு முன்னாடி, அந்தக் கோடி எந்தத் தலைப்புன்னு பார்க்கணும்.

பி.டெக். டியூஷன் ஃபீஸ் 2016-ல வருஷத்துக்கு 70,000 ரூபாயிலிருந்து 1,25,000 ஆச்சு. அது நாட்டில உள்ள எல்லா என்.ஐ.டி.க்கும் சேர்த்து டெல்லியில எடுத்த முடிவு. கூடவே ஒரு சலுகையும் வந்துச்சு. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ உள்ளவங்களுக்கும் முழு விலக்கு. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு விலக்கு. டியூஷன் ஃபீஸுக்கு மனு போகவேண்டிய இடம் அமைச்சகம். ஹாஸ்டல், மெஸ் விஷயம் வேற, அதுக்கு டைரக்டர் வாசல் சரியான வாசல்தான்.

இனி நம்மள்ல பலரும் கேள்வியே படாத ஒரு பேரு: ஹெஃபா. உயர்கல்வி நிதி நிறுவனம். கல்வி அமைச்சகமும் கனரா வங்கியும் சேர்ந்து 2017-ல ஆரம்பிச்சது. முன்னெல்லாம் கட்டடத்துக்கு மானியம் வரும், திருப்பித் தர வேண்டியதில்ல. ஹெஃபா வந்தப்புறம் அது கடனா வர ஆரம்பிச்சது. வட்டியை அரசு பார்த்துக்கும். அசலை யார் கட்டறதுங்கிறது கல்லூரியோட வயசைப் பொறுத்தது. பழைய தொழில்நுட்ப நிறுவனங்கள் முழு அசலையும் சொந்த வருவாயிலிருந்து கட்டணும். 2008-க்கும் 2014-க்கும் நடுவுல ஆரம்பிச்சதுன்னா 25 சதவீதம், மீதி அரசு. அதுக்கு அப்புறம் பிறந்ததுக்கு எல்லாமே அரசு. 2010-ல பிறந்த நம்ம ஊர் என்.ஐ.டி. எந்த வரிசைன்னு நீங்களே பார்த்துக்கலாம்.

சும்மா ஒரு கணக்கு. 40 கோடி கடன், 10 வருஷத் தவணைன்னு வெச்சுக்குங்க. 25 சதவீதம்னா 10 கோடி, வருஷத்துக்கு 1 கோடி. 1,000 பேர் படிச்சா தலைக்கு 10,000 ரூபாய். அது அப்படியே ஃபீஸ்லதான் விழணும்னு சட்டம் இல்ல. ஆனா 'சொந்த வருவாய்'ங்கிறதுல முதல்ல நிக்கிறது நாம கட்டற பணம்தானே? கடன் வாங்கும்போது யாரும் நம்மகிட்ட கேட்கிறதில்லங்கிறதுதான் என்னோட வருத்தம்.

கேட்க வழி இருக்கு. என்.ஐ.டி. கணக்கை சி.ஏ.ஜி. தணிக்கை பண்ணி, அது வருஷாவருஷம் நாடாளுமன்றத்துல வைக்கப்படுது. அதுல ஹெஃபா கடன், சொந்த வருவாய், செலவாகாம மிஞ்சின மானியம், இந்த மூணு வரியையும் தேடிப் படிங்க. கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டிக் கேளுங்க, 30 நாள்ல பதில் வரணும். என்.ஐ.டி.ன்னா மத்திய அரசோட ஆன்லைன் போர்ட்டல்லயே போடலாம். நெடுங்காடுன்னா மனு புதுச்சேரி அரசுக்குக் கீழ உள்ள தகவல் அலுவலருக்குப் போகணும்.