கதவைத் திறந்தால் பனிச்சுவர்

2020 ஜனவரி 18, சனிக்கிழமை காலை. கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரம். வாசல் கதவைத் திறந்த பலருக்குத் தெருவே தெரியவில்லை. நிலை முழுவதையும் பனி அடைத்து நின்றது. கதவின் அச்சு அதில் அப்படியே பதிந்திருந்தது.

முதல் நாள் மட்டும் விமான நிலையத்தில் 76.2 சென்டிமீட்டர் பனி கொட்டியிருந்தது. 1999 ஏப்ரலில் பதிவான 68.4 சென்டிமீட்டர்தான் அதுவரை உச்சம். கூடவே மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் சுழற்றியடித்த காற்று. தொடையளவோடு நின்றிருக்க வேண்டிய பனியை அது வாரிக்கொண்டுபோய்ச் சுவரோரமெல்லாம் குவித்துவிட்டது. கார்கள் கூரையோடு புதைந்தன. பேட்டரி என்ற குன்றோரக் குடியிருப்பில் மேலிருந்து சரிந்த பனி ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்தது.

கார் நிறுத்தும் இடம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 76 சென்டிமீட்டர் பனி கிடந்தால் கிட்டத்தட்ட 14 கன மீட்டர். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்றாலே 1,300 கிலோவுக்கு மேல் போகிறது. காற்று இறுக்கிய பனி இதைப்போல இரண்டு மூன்று மடங்கு கனக்கும். அத்தனையையும் ஒரு மனிதர் கையால் அள்ளி, தலைக்கு மேல் உயர்ந்துவிட்ட குவியலுக்கு அப்பால் வீச வேண்டும். ஈரப்பனி, அள்ளும் ஷவலின் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதற்காக அதில் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. ஒருவழியாக வழித்து முடித்து நிமிர்ந்தால், சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி வந்து வாசலில் இன்னொரு வரப்பைத் தள்ளிவிட்டுப் போகும். அது கல்லாக இறுகியிருக்கும்.

எதை முதலில் தோண்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பல வீடுகளில் வெப்பமூட்டும் இயந்திரத்தின் புகைக்குழாய் பக்கச் சுவரில், தரையிலிருந்து சற்று உயரத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அடுத்து, தெருமுனையில் இருக்கும் தீயணைப்புக் குழாய். பிறகு, தனியாக இருக்கும் முதியவரின் வாசல். கார் கடைசியில்தான். செயின்ட் ஜான்ஸில் அவசரநிலை அமலில் இருந்த எட்டு நாளில் பெரும்பாலான நேரம் சாலையில் கார் ஓட்டவே தடை இருந்தது. மளிகைக் கடைகளே செவ்வாய்க்கிழமைதான் திறந்தன. வரிசை தெருவரை நீண்டது. நூற்றுக்கணக்கில் வந்திறங்கிய ராணுவத்தினரும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பனி அள்ளினார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் அதைத் தொடங்கியிருந்தார்கள். என்னைக் கேட்டால், ஒரு ஊரைப் பனியிலிருந்து முதலில் மீட்பது அக்கம்பக்கத்தார்தான்.

பனி அள்ளுவது உடற்பயிற்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கனத்தைத் தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சை அடக்குகிறோம். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் இதில் மாரடைப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

டொராண்டோவிலோ மாண்ட்ரியலிலோ பேரப்பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கும் அப்பா, மகனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஷவலை எடுத்துக்கொண்டு இறங்குவார். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது என்று இன்றே போனில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வழிக்கிறவர்களும் தூக்காமல் தள்ளுங்கள், கொஞ்சமாக அள்ளுங்கள், நெஞ்சில் சிறு இறுக்கம் தெரிந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள்.