ஹார்டு டிஸ்க் பழுதாகுமுன் தெரிந்துகொள்வது எப்படி?



பேரேட்டில் கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். ஓரம் அரித்திருக்கும், மண் உதிரும். உடனே வேறு நோட்டில் பெயர்த்து எழுதிவிடுவோம். இன்று நம் பற்று வரவும், சரக்கு இருப்பும், ஜி.எஸ்.டி. பில்லும் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. அதில் ஏறும் கரையான் வெளியே தெரிவதில்லை. ஆனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே உள்ளுக்குள் குறித்துக்கொண்டு வருகிறது. அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. இது தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் பில் போடும் கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. அதற்கு முன் இரண்டு வாரமாகவே அது நின்று நின்றுதான் ஓடியது. "பழசாகிவிட்டது, பண்டிகை கழித்து மாற்றிக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டோம். வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்த நகல் 19 நாளைக்கு முந்தையது. அந்த 19 நாள் கடன் பில்களை லாரி ரசீதுகளையும், சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரர்களின் நோட்டுகளையும் வைத்துத் திரும்ப எழுதினோம். பெரும்பாலோர் நாணயமாகவே சொன்னார்கள். ஆனாலும் சில பாக்கிகள் இன்றுவரை ஒத்துவரவில்லை. பழுது பார்க்க வந்த தம்பி, "ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தடவை பார்த்திருந்தா மஞ்சள் காட்டியிருக்கும் அண்ணாச்சி" என்றார். அந்த மஞ்சள் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிஸ்க் எழுதும் குறிப்பேடு

டிஸ்க்குகளுக்குள் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. 1992-இல் ஐ.பி.எம். நிறுவனமும், 1995-இல் காம்பாக் நிறுவனமும் கொண்டுவந்த முறைகளிலிருந்து வளர்ந்து, பின்னர் எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவானது. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு சூடானது, எங்கே படிக்க முடியாமல் போனது என்று டிஸ்க் தானாகவே இதில் குறித்து வைக்கிறது.

டிஸ்க்கை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள சிறு சிறு அறைகளுக்குச் செக்டார் என்று பெயர். கெட்டுப்போகும் அறைகளுக்கு மாற்றாகச் சில உபரி அறைகளையும் தயாரிப்பாளர் ஒதுக்கியிருப்பார். சரக்கைத் திரும்ப எடுப்பது சந்தேகமாகிவிட்ட அறைகள் 'பெண்டிங்' கணக்கில் ஏறும். அடைத்துவிட்டு உபரி அறைக்கு மாற்றியவை 'ரீஅலோகேட்டட்' கணக்கில் ஏறும். சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாதவை 'அன்கரெக்டபிள்' கணக்கில் ஏறும். நல்ல டிஸ்க்கில் இந்த மூன்றும் சுழியாக இருக்க வேண்டும். சுழி மாறி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை நம்பக் கூடாது.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' போதும். ஜப்பானியர் ஒருவர் எழுதியது. கடை உபயோகத்துக்கும் கட்டணம் கிடையாது. லினக்ஸ் வைத்திருப்போருக்கு 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' உண்டு. அது 2002 முதல் வருகிறது, விண்டோஸிலும் ஓடும். தட்டச்சுக் கட்டளை பழகாதவர்கள், அதையே சுட்டியால் இயக்க உதவும் 'ஜி ஸ்மார்ட்கன்ட்ரோல்' போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களைத் தொட்டால் வேண்டாத சாமான்களும் சேர்ந்து வந்துவிடும்.

பார்க்கும் முறை

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்ததும் இடப்புறம் நிறத்தோடு நிலை தெரியும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. சாம்பல் நிறம் வந்தால் குறிப்பைப் படிக்க முடியவில்லை என்று பொருள். யு.எஸ்.பி.-யில் மாட்டும் சில டிஸ்க்குகளில் இப்படி வரும்.

கீழே வரும் பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். மேலே சொன்ன ரீஅலோகேட்டட், பெண்டிங், அன்கரெக்டபிள் ஆகியவை வரிசையாக இவைதாம். ஓரத்தில் காணும் எண்கள் பதினாறு அடிமானத்தில் இருக்கும். அதாவது 10 என்று இருந்தால் 16 என்று பொருள். அமைப்பில் இதை நம் வழக்கமான எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். சி7 என்ற வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கில் இல்லை. உள்ளே செல்லும் வயரை மாற்றிப் பாருங்கள்.

எஸ்.எஸ்.டி. வகையில் மீதி ஆயுள் சதவீதமாகத் தெரியும். 100-இல் தொடங்கி எழுத எழுதக் குறையும். பழைய டிஸ்க் வாங்குவோர் ஓடிய மணிக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் 8,760 மணி. 'கொஞ்சம்தான் ஓடியது' என்று விற்பவர் சொல்வதை இதோடு ஒப்பிடலாம்.

மஞ்சள் வந்தால் என்ன செய்வது?

முதல் வேலை கணக்கை வேறு டிஸ்க்குக்கு எடுப்பது. சரிசெய்கிறோம் என்று சோதனைகளையும் ஒழுங்குபடுத்தும் வேலைகளையும் ஓட்டி, தள்ளாடும் டிஸ்க்கை மேலும் ஓட வைக்காதீர்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். வாரண்டி இருந்தால் புது டிஸ்க் கிடைக்கும், உள்ளே இருந்த கணக்கு கிடைக்காது.

நீலம் என்றால் நிம்மதியா?

இல்லை. 2007-இல் கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. எஸ்.எஸ்.டி.-யும் முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் நின்றுவிடுவது உண்டு. ஆகவே மஞ்சளை நம்புங்கள், நீலத்தை முழுதாக நம்பாதீர்கள்.

இதற்கு மாற்று நகல் எடுப்பதுதான். கணக்கு மூன்று இடத்தில் இருக்கட்டும். அதில் ஒன்று கடைக்கு வெளியே, வீட்டிலாவது இருக்கட்டும். இரவு கல்லாவைக் கட்டியதும் நகலையும் எடுத்துவிடுவது வழக்கமாக வேண்டும். எடுத்த நகல் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கும் பொறுப்பும் நமக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் கடையில் இப்போது மாதம் பிறந்ததும் தராசைச் சரிபார்க்கும்போதே டிஸ்க்கையும் பார்த்து, மூன்று எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். ஐந்து நிமிட வேலை. இந்த இதழை மூடி வைக்குமுன் உங்கள் கடைக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.